கிறிஸ்துமஸ் பரிசுச் செலவு கையை மீறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. மாதச் சம்பளத்திலோ சிறிய கடை வருமானத்திலோ ஓடுகிற வீடு, படிக்கிற பிள்ளைகள், ஊரில் அப்பா அம்மா, நாலு பக்கமும் சொந்தக்காரர்கள். இப்படிப்பட்ட வீட்டில் டிசம்பர் 25 முடிந்த கையோடு புது வருஷம் வரும், அடுத்து பள்ளிக்கூட மூன்றாம் பருவக் கட்டணம் வரும், பொங்கல் வரும். அதனால் கிறிஸ்துமஸில் கை நீண்டால் பிப்ரவரி வரைக்கும் இழுக்கும். பண்டிகையைச் சுருக்காமல் செலவை மட்டும் சுருக்க முடியுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். முடியும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? யார் யாருக்கு என்ன வாங்குவது என்று பட்டியல் போடவா?

பட்டியல் அப்புறம். முதலில் மொத்தத் தொகை. கணவனும் மனைவியும் நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம்மால் கடன் இல்லாமல் எவ்வளவு எடுக்க முடியும் என்று ஒரே ஒரு எண்ணை எழுதிவிடுங்கள். ஜனவரி வாடகை, பீஸ், மளிகை, மருந்து எல்லாம் கழித்த பிறகு வருகிற எண்ணாக அது இருக்க வேண்டும். பெயர்களில் இருந்து தொடங்கினால் ஒவ்வொரு பெயரும் நியாயமாகத்தான் தெரியும், சித்தியை எப்படி விடுவது, மைனி பிள்ளைக்கு எப்படிக் குறைப்பது என்று போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். தொகையில் இருந்து தொடங்கினால் எங்கே குறைக்கலாம் என்ற பேச்சு தானாக வரும்.

எங்கள் வீட்டில் பெரிய பரிசெல்லாம் வாங்குவதில்லை. ஆனாலும் பணம் கரைந்துவிடுகிறது. எங்கே போகிறது?

நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் ரொம்பக் காலமாகப் புதுத்துணிதான். மரத்தடியில் பொட்டலம் வைத்துக் கொடுப்பது டிவியிலும் பள்ளிக்கூட விழாவிலும் பார்த்துப் பிற்பாடு வந்து சேர்ந்த பழக்கம். இப்போது இரண்டையும் செய்கிறோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு செட், முப்பத்தொன்றாம் தேதி இரவு ஆராதனைக்குப் போட இன்னொரு செட், அது போக விளையாட்டுச் சாமான், அது போக சொந்தக்காரர் பிள்ளைகளுக்குத் துணி. இதற்கு மேல் பலகாரமும் கேக்கும் தெரு முழுக்கக் கொடுப்பது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தொகை இல்லை. முந்நூறு, ஐந்நூறு என்று இருபது முறை போவதால்தான் கண்ணில் படுவதில்லை.

அதனால் என்னைக் கேட்டால் துணியையும் பரிசுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இந்த வருஷம் உன் பரிசு இந்தச் சுடிதார் என்று பிள்ளையிடம் சொல்லிக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்ல முடியுமா?

நாலு பேர் உள்ள வீடு, மொத்தம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணிக்கு 6,500. பலகாரம், கேக் 3,000. பண்டிகை நாள் சாப்பாட்டுக்கு, கறி மீன் எல்லாம் சேர்த்து, 1,500. சொந்தக்காரர், நண்பர்கள், வீட்டில் வேலை செய்பவர்கள் எல்லாருக்குமான அன்பளிப்பு 2,000. காணிக்கை, கேரல் பாட வருகிறவர்களுக்குக் கொடுப்பது 1,000. ஸ்டார், சீரியல் பல்பு, குடில் செலவு 300. மீதி 700 கைச்செலவு. கடைசி நேரத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

உங்கள் தொகை எட்டாயிரமாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டாம். துணியையும் பலகாரத்தையும் வெட்டுங்கள், மொத்தத்தில் பெரிய பங்கு அந்த இரண்டும்தான். அலங்காரத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மெனக்கெடுவது வீண். போன வருஷ ஸ்டாரைத் துடைத்துக் கட்டினால் போதும். மரத்துக்கு எங்கள் பக்கம் சவுக்குக் கிளைதான், கேட்டால் யாராவது வெட்டிக் கொடுப்பார்கள். குடிலுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவிவிட்டால் பச்சைப்பசேல் என்று புல் வந்து நிற்கும்.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு கவர் போட்டுப் பணமாகவே வைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. ஜிபே வந்த பிறகு இந்தப் பழக்கம் குறைந்துவிட்டது, ஆனால் டிசம்பர் மாதம் மட்டுமாவது அதற்குத் திரும்பலாம். கவர் காலியானால் கை தானாக நின்றுவிடும்.

போனஸ் தீபாவளிக்கே வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கணக்கு வருஷம் முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும் என்பது 1965ஆம் வருஷத்து போனஸ் சட்டம் வைத்த கணக்கு. மார்ச்சில் கணக்கு முடிக்கிற நிறுவனத்துக்கு அது நவம்பர் 30 வரை வரும், அதனால்தான் தீபாவளியை ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் கேட்டால் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பரில் கொடுக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. இல்லையென்றால் வந்த அன்றைக்கே ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தீபாவளித் தள்ளுபடி பலகை தெரு முழுக்கத் தொங்கும்போது சம்பளக் கணக்கில் பணம் கிடந்தால் தங்காது.

கிறிஸ்துமஸ் சீட்டு சேரலாமா?

வாரம் நூறு ரூபாய் வீதம் ஐம்பது வாரம் கட்டினால் 5,000. டிசம்பரில் அதற்குத் துணி, பாத்திரம், ஒரு வெள்ளிக் காசு, இனிப்பு டப்பா என்று தருவார்கள். பணமாகத் தர மாட்டார்கள், பொருளின் விலையை அவர்களே வைப்பார்கள். பிடிப்பவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் பணத்துக்கு வட்டி கிடையாது, நடுவில் அவர் கடையை மூடிவிட்டால் கேட்க வழியும் கிடையாது. பண்டிகைச் சீட்டு பிடித்துவிட்டு ஊரைவிட்டே ஓடியவர்களைப் பற்றி வருஷாவருஷம் பேப்பரில் வருகிறது, அதில் ஏமாந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பீடி சுற்றியும் வீட்டு வேலை பார்த்தும் சேர்த்த பெண்கள். இப்படி அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் பணம் வசூலிப்பதைத் தடுக்க 2019இல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஆனால் போன பணம் திரும்புவதற்குள் நாலு கிறிஸ்துமஸ் போய்விடும்.

இதற்குப் பதிலாக வங்கியில் ஒரு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு, போடுங்கள். ஜனவரியில் இருந்து நவம்பர் வரை மாதம் ஆயிரம் கட்டினால் 11,000, மேலே கொஞ்சம் வட்டி. சில வங்கிகளில் ஆறு மாதத்துக்கும் போடலாம். தபால் நிலையத்து ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கானது, இந்த வேலைக்குச் சரிப்படாது. வாராவாரம் வீட்டுக்கு வந்து வாங்கிப் போனால்தான் சேரும், நாமாகப் போய்க் கட்ட மாட்டோம் என்கிறவர்கள், சம்பளம் விழுந்த மறுநாள் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

கிரெடிட் கார்டில் வாங்கி மெதுவாகக் கட்டலாம் அல்லவா? பண்டிகை வருஷத்துக்கு ஒரு தடவைதானே?

வேண்டாம் என்றுதான் சொல்வேன், கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். கார்டில் 15,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, வந்த பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தாலே முழுத் தொகைக்கு 525 ரூபாய், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. வருஷத்துக்குப் பார்த்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல். அதோடு போகாது. பாக்கி இருக்கிற வரைக்கும் புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும், கார்டில் வழக்கமாக வட்டியில்லாமல் கிடைக்கிற அந்த நாற்பது ஐம்பது நாள் சலுகை கிடைக்காது.

வட்டியில்லாத் தவணை என்று போட்டிருந்தால் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று இருக்கும், ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமல் இருக்கும்.

ஊரில் ஐந்து வட்டிக்கு வாங்குவது இதைவிட மோசம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் வருஷத்துக்கு அறுபது சதவீதம். பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஐந்நூறு, அசல் அப்படியே நிற்கும். அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது வட்டி மட்டும் ஆறாயிரம் கட்டியிருப்பீர்கள். பிள்ளைக்கு எடுத்த சட்டை அதற்குள் சின்னதாகிப் போயிருக்கும்.

துணி எப்போது எடுத்தால் லாபம்?

பெரியவர்களுக்கு ஆடித் தள்ளுபடியில். சேலை, வேட்டி, சட்டைத்துணி எல்லாம் ஜூலை, ஆகஸ்டில் எடுத்துப் பீரோவில் வைத்துவிடலாம். பிள்ளைகளுக்கு அப்படி எடுக்காதீர்கள், டிசம்பருக்குள் வளர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு தீபாவளி முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் போங்கள், மிஞ்சிய சரக்கைக் கடைக்காரர்கள் தள்ளப் பார்க்கிற நேரம் அது. தைக்கக் கொடுப்பதாக இருந்தால் நவம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் முதல் வாரத்துக்கு மேல் நல்ல டெய்லர்கள் புது ஆர்டர் எடுப்பதில்லை, எடுத்தாலும் கூலி ஏறிவிடும், இல்லாவிட்டால் 24ஆம் தேதி ராத்திரி கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

கோ-ஆப்டெக்ஸையும் மறக்க வேண்டாம். பண்டிகைக் காலத் தள்ளுபடி இருக்கிறது. அது போக கனவு நனவு என்று ஒரு மாதத் தவணைச் சேமிப்புத் திட்டமும் வைத்திருக்கிறார்கள். நாம் மாதாமாதம் கட்டி வந்தால் கடைசியில் அவர்கள் பங்காக ஒரு தொகை சேர்த்து, அதற்குத் துணி எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய விதிமுறையைப் பக்கத்துக் கடையிலேயே கேட்டால் சொல்வார்கள்.

வரியிலும் கவனிக்க ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு தைத்த ஆடையின் விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிக்கு முன் 2,500 ரூபாய் உள்ள ஆடை 2,625க்கு வரும். 2,600 ரூபாய் ஆடை 3,068 ஆகிவிடும். நூறு ரூபாய் வித்தியாசம் 443 ரூபாயாக வளர்கிற இடம் இது. பெரிய பிள்ளைகள் பிராண்டு ஆடை கேட்கும்போது இந்தக் கணக்கைக் காட்டலாம்.

புது வருஷத்துக்கு இன்னொரு செட் கட்டாயமா என்றால், இல்லை. கிறிஸ்துமஸுக்குப் போட்டதைத் துவைத்து இஸ்திரி போட்டு முப்பத்தொன்றுக்குப் போட்டுப் போகலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரும் யார் சட்டையையும் உற்றுப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் கேட்பதை எப்படிச் சமாளிப்பது? கூடப் படிக்கிறவனுக்கு ரிமோட் கார் வாங்கித் தந்தார்களாம்.

ஏழெட்டு வயசுக்கு மேல் ஆகிவிட்டால் உண்மைத் தொகையைச் சொல்லிவிடலாம். உனக்கு இந்த வருஷம் துணி போக ஐந்நூறு ரூபாய், அதற்குள் நீயே யோசி என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிற அளவுக்குப் பொறுப்பாக யோசிப்பார்கள். கடையில் ஒரு பையன் கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்து, விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டு, பந்தும் கையுறையும் சேர்த்து 480 வருகிறதா என்று விரல் விட்டு எண்ணுகிறான். அந்தப் பிள்ளைக்குப் பரிசு வீட்டுக்கு வருவதற்கு முன்பே பாதி சந்தோஷம் கிடைத்துவிட்டது. காசு இல்லை போ என்று மட்டும் சொன்னால் அவனுக்குப் புரிவது வேறு.

சின்னப் பிள்ளைகளுக்குப் பொருளின் விலை தெரியாது. இரண்டு மூன்று வயசுக் குழந்தைக்கு ஆயிரம் ரூபாய் பொம்மை நமக்காக வாங்குவதுதான், அட்டைப்பெட்டியோடுதான் அது விளையாடும்.

பெரிய பொருள் கேட்டால், சைக்கிள் மாதிரி, தாத்தா பாட்டி, மாமா, அத்தை எல்லாரும் தனித்தனியாக வாங்க நினைத்ததைச் சேர்த்து ஒன்றாக வாங்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் ஐந்து பொம்மை வாங்குவதைவிட அது பிள்ளைக்கும் நல்லது, ஐந்து பேருக்கும் செலவு குறைவு. புத்தகம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் பார் சில்ரன் போன்றவை தமிழில் குறைந்த விலைக்குப் படப் புத்தகங்கள் போடுகின்றன. இருநூறு ரூபாய்க்கு மூன்று நான்கு கிடைக்கும், அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

விலை குறைவான பொம்மையாகப் பார்த்து ஆன்லைனில் வாங்கினால் என்ன?

வாங்கலாம், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ரோட்டோரம் கிடைக்கிற பலதில் இருக்காது. பட்டன் பேட்டரி போட்ட மலிவு பொம்மைகளைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், குழந்தை அதை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மற்றபடி, முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற போலிப் பக்கங்கள் டிசம்பரில் அதிகம். பொருளைப் பார்த்துப் பணம் கொடுக்கிற வசதி இல்லாத புதுக் கடை என்றால் விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று ஆறு குடும்பம். எல்லாருக்கும் எல்லாரும் வாங்கிக் கொடுப்பது கட்டுப்படியாகவில்லை. எப்படிச் சொல்வது?

உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த ஆறு வீட்டில் இன்னும் இரண்டு வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. யாராவது முதலில் வாயைத் திறக்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள். நல்ல வசதியாக இருக்கிறவர் சொன்னால் இன்னும் நல்லது. முடிந்தால் மூத்த அண்ணனிடமோ அத்தானிடமோ தனியாகப் பேசி, அவர் வாயால் குழுவில் சொல்ல வையுங்கள். அப்படி வரும்போது யாருக்கும் குறைவாகத் தோன்றாது.

வழி என்னவென்றால் சீட்டுக் குலுக்குவது. எல்லார் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்து, அந்த ஒருவருக்கு மட்டும் பரிசு. தொகைக்கு மேல் வரம்பு வைக்க வேண்டும், அதோடு கீழ் வரம்பும் வைத்தால் யாருக்கும் மனக்குறை வராது. முந்நூறில் இருந்து ஐந்நூறு வரை என்று வைத்துக்கொள்ளலாம். தன் வீட்டு ஆள் பெயரே வந்தால் திரும்பப் போட்டு வேறு எடுக்க வேண்டும். நவம்பர் கடைசி ஞாயிறு மத்தியானம் ஆச்சி வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லாரும் பாயில் கிடக்கிற நேரத்தில் டப்பாவை எடுத்து வந்தால் போதும். ஆச்சிக்குக் கண்ணாடி தேடிக் கொடுத்து, அவர் எடுத்த பெயரை யார் காதுக்கும் கேட்காமல் வாசித்துச் சொல்ல ஒரு பேரப்பிள்ளையை வைத்துவிடுங்கள். ஊரில் இல்லாதவர்களுக்கு வீடியோ கால்.

பிள்ளைகளை மட்டும் இந்தக் குலுக்கலில் சேர்க்காமல், பத்து வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எல்லாரும் சேர்ந்து பொதுவாக வாங்குகிற குடும்பங்களும் உண்டு. எனக்கு அதுதான் பிடித்த முறை.

குறைவாகக் கொடுத்தால் நம் மதிப்பு போய்விடாதா?

இந்தப் பயம்தான் பாதிச் செலவுக்குக் காரணம். கிறிஸ்துமஸ் யாருக்காகக் கொண்டாடுகிறோமோ அந்தக் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது மரியாளும் யோசேப்பும் செலுத்திய காணிக்கை என்ன என்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாதவர்கள் அதைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் பன்னிரண்டில் சொல்லியிருக்கிற காணிக்கை அது. தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள், கடன் வாங்கி ஆட்டுக்குட்டி கொண்டுபோகவில்லை. வருஷாவருஷம் இந்தப் பகுதியை வாசிக்கக் கேட்கிற நமக்கு, இருநூறு ரூபாய் பரிசு கொடுக்க வெட்கம் வர வேண்டிய அவசியமே இல்லை.

மகளுக்கு இது தலை கிறிஸ்துமஸ். மாப்பிள்ளைக்கு மோதிரம், சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் துணி என்று எதிர்பார்க்கிறார்கள்.

கஷ்டமான கேள்வி. தங்கம் விற்கிற விலைக்குக் கால் பவுன் கூட சாதாரண வீட்டை ஆட்டிவிடும், கல்யாணக் கடன் வேறு பாக்கி இருக்கும். முதலில் மகளிடம் பேசுங்கள், அவளுக்குத்தான் அந்த வீட்டு நிலவரம் தெரியும். பல நேரம் மாப்பிள்ளை எதுவும் கேட்டிருக்க மாட்டார், கேட்பார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டிருப்போம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் நல்ல துணி, சம்பந்தி இருவருக்கும் ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு பலகாரப் பெட்டி, எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நல்ல விருந்து. இது மரியாதையான சீர். மாப்பிள்ளையின் அண்ணன் பிள்ளைகள், அத்தை மாமா வரைக்கும் துணி எடுக்க வேண்டியதில்லை. மோதிரம் கட்டாயம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் வரதட்சணை. கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது, பண்டிகை என்பதால் அது மாறிவிடாது. சபைப் போதகரான ஐயரையோ இரண்டு பக்கமும் தெரிந்த பெரியவரையோ வைத்துப் பேசிவிடுவது நல்லது.

பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுப்பதைக் குறைக்கலாமா?

தட்டை நிறுத்தாதீர்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசம் நமக்கு வந்தது, பக்ரீத்துக்குப் பிரியாணி வந்தது. இந்தப் போக்குவரத்து இருக்கிறதால்தான் தெருவில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசுகிறோம். குறைக்க வேண்டியது தட்டில் வைக்கிற வகையை.

முறுக்கு, அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, கலகலா, அதிரசம், லட்டு, மிக்சர், இரண்டு வகை கேக் என்று ஒன்பது வகை வைத்தால் யாரும் ஒன்பதையும் சாப்பிடுவதில்லை. ஒரு இனிப்பு, ஒரு காரம், ஒரு கேக் துண்டு போதும். எத்தனை வீடு என்று முதலில் எண்ணுங்கள். இருபது வீடு, வீட்டுக்கு ஐந்து முறுக்கு, நாலு முந்திரிக்கொத்து என்றால் நூறு முறுக்கு, எண்பது கொத்து. இந்தக் கணக்கோடு மாவு இடித்தால் எண்ணெயும் மாவும் வீணாகாது. கணக்கில்லாமல் சுடுகிற வீட்டில் ஜனவரி பத்தாம் தேதி வரைக்கும் தூக்குவாளியில் சிக்கு நாற்றத்தோடு முறுக்கு கிடக்கும்.

தனியாகச் சுடாமல் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரே அடுப்பில் சுடுவது இன்னும் நல்லது. எண்ணெய்ச் செலவு பங்காகும். ஒருத்தர் பிழிய, ஒருத்தர் திருப்பிவிட, ஒருத்தர் காகிதத்தில் பரப்ப, மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும், கையும் நோகாது. பிளம் கேக்கை வீட்டிலேயே செய்வதாக இருந்தால் உலர்திராட்சை, பேரீச்சை எல்லாவற்றையும் நவம்பர் தொடக்கத்தில் வாங்கி ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். டிசம்பரில் அதே திராட்சை விலை ஏறிவிடும். கடையில் வாங்குகிறவர்களுக்கு, 2025 செப்டம்பரில் இருந்து கேக், பிஸ்கட், சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆபீசில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு விளையாட்டு. பத்து நாளும் தினம் ஒரு பரிசு வைக்கச் சொல்கிறார்கள்.

சீட்டு எடுத்து, பெயர் வந்தவருக்கு யாரென்று காட்டிக்கொள்ளாமல் பரிசு வைக்கிற விளையாட்டு இது. நடத்துகிறவரிடம் தொடக்கத்திலேயே மொத்த வரம்பு ஒன்று வைக்கச் சொல்லுங்கள், பத்து நாளுக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் என்று. தினமும் மேசையில் வைக்க ஒரு கடலை மிட்டாய், கையால் எழுதிய ஒரு குறிப்பு, ஒரு பேனா போதும். கடைசி நாளுக்கு மட்டும் ஒரு பொருள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் பதினைந்தாயிரம் சம்பளத்தில் விடுதிக் கட்டணமும் கட்டிக்கொண்டு இருப்பார்கள், அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சீனியர்கள்தான் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

செலவைக் குறைக்கும்போது வீட்டு வேலை செய்கிற அக்காவுக்குக் கொடுப்பதையும் குறைக்கலாமா?

கூடாது. பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அவர் பெயர்தான். வீட்டு வேலை செய்பவர், தெருவைச் சுத்தம் செய்யும் தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன், சர்ச் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை இவர்களுக்கு நாம் கொடுப்பது அவர்கள் வீட்டுப் பண்டிகைக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நம் மச்சானுக்கு ஒரு சட்டை குறைந்தால் அவர் இன்னொன்று போட்டுக்கொள்வார். பணமாகக் கொடுங்கள், விருப்பம் இருந்தால் அதோடு பலகாரமும். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் தீபாவளி கொண்டாடுகிறவர் என்றால் அப்போதே கொடுத்துவிடுங்கள், அவருக்குத் தேவை அந்த வாரம்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். டிசம்பரில் அங்கே கேக் குவிந்து கிடக்கும், பிப்ரவரியில் அரிசிக்கும் சோப்புக்கும் ஆள் தேடுவார்கள்.

வெளிநாட்டில் இருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. பெரிய பரிசாகக் கொண்டு வருவார்கள். நாங்கள் பதிலுக்கு என்ன கொடுப்பது?

அதே விலைக்கு ஈடு கொடுக்க நினைக்காதீர்கள், அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள். அங்கே கிடைக்காததைக் கொடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டிக் கடலை மிட்டாய், வீட்டில் இடித்த சாம்பார்ப் பொடி. மக்ரூனை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொடுங்கள், ஈரம் பட்டால் ஒரே நாளில் இளகிவிடும்.

சென்னையில் இருந்து ஊருக்குப் போக ஆகும் செலவே பரிசுச் செலவைத் தின்றுவிடுகிறது.

ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்பாகத்தான் முன்பதிவு திறக்கிறது, 2024 நவம்பரில் இருந்து இந்த முறை. டிசம்பர் 23ஆம் தேதி கிளம்ப அக்டோபர் 24 காலையில் எட்டு மணிக்கு உட்கார வேண்டும். நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களில் அன்றைக்கே இடம் தீர்ந்துவிடும். திரும்பி வர எடுக்க வேண்டிய நாளையும் சேர்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் ஆம்னி பஸ்ஸில் நாலு பேருக்குக் கொடுக்கிற பணத்தில் மொத்தக் குடும்பத்துக்கும் துணி எடுத்திருக்கலாம். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் 26ஆம் தேதிக்குப் பிறகு போய்ப் புது வருஷத்தை ஊரில் கொண்டாடுவதும் ஒரு வழி. அப்பா அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கொஞ்சம் குறையும்.

இந்த வருஷம் உண்மையிலேயே பணம் இல்லை. வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வேறு.

அப்படியானால் பரிசு இல்லாத கிறிஸ்துமஸாக இருக்கட்டும். சொந்தக்காரர்களிடம் நவம்பரிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள், இந்த வருஷம் எங்களால் யாருக்கும் எடுக்க முடியாது, எங்களுக்கும் எடுக்க வேண்டாம் என்று. காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு உடுப்பு, அதுவும் முடியாவிட்டால் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கேட்கலாம், கடனாக இல்லாமல் உரிமையாக. கேரல் சுற்றுக்கு வருகிற வாலிபர்களுக்குக் காணிக்கை கொடுக்க முடியாது என்பதற்காக விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, பாட்டைக் கேட்டு, கட்டங்காப்பி கொடுத்து அனுப்பலாம். நகையை அடகு வைத்துப் பண்டிகை கொண்டாடுவதை மட்டும் செய்யாதீர்கள், அந்த நகை நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வேண்டியிருக்கும்.

பண்டிகை முடிந்த பிறகு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, அரை மணி நேர வேலை. எதற்கு எவ்வளவு ஆனது, யார் வீட்டுக்குத் தட்டு போனது, எத்தனை முறுக்கு மிஞ்சியது, யாருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரு பழைய டைரியில் எழுதிவிடுங்கள். அடுத்த நவம்பரில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. ஸ்டார்கள், அலங்காரச் சாமான்கள் ஜனவரி முதல் வாரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும், அடுத்த வருஷத்துக்கு வேண்டுமென்றால் அப்போது வாங்கலாம். டைரியில் வந்த மொத்தத்தைப் பதினொன்றால் வகுத்து, வருகிற தொகைக்கு ஜனவரிச் சம்பளத்திலேயே ஆர்.டி.யைத் தொடங்கிவிடுங்கள். 15,000 ஆகியிருந்தால் மாதம் 1,370 ரூபாய். அவ்வளவு முடியாது என்றால் எழுநூறு.